குடிக்கும்போதுதான் அழுகிறாள்

பழங்காநத்தம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி முத்துப்பாண்டிக்கு,

அக்கா தாமரைச்செல்வி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வரியிலேயே பாதிப் பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நானும் உன் மச்சானும் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல. இந்தக் கடிதம் உன் மகளைப் பற்றியது. பயப்படாதே, இருக்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், பெற்றவள் பாண்டிமீனாவின் கையைப் பிடித்தபடி தூங்குகிறாள். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. அந்த மலை உச்சியிலிருந்து உன் முறை வந்து நீ போன் பேசுகிற கொஞ்ச நேரமும் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே கழிந்துவிடுகிறது. உனக்குப் பின்னால் நிற்கிறவன் வேறு அவசரப்படுத்துகிறான். போன தடவை நான் ஆபரேஷன் என்று சொன்னதும் பேச்சு நின்றுபோனது. லைன் போனதா, நீயே வைத்துவிட்டாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உன் பட்டாளத்துக் கூட்டாளி எழுமலைத் தவசி லீவு முடிந்து நாளை மறுநாள் உங்கள் அடிவார முகாமுக்குத் திரும்புகிறான். ஆள் மேலே ஏறுவதென்றால் குளிருக்கு உடம்பு பழக வேண்டுமாம், கடிதத்துக்கு அது வேண்டாமாம். சாமான் ஏற்றுகிற ஹெலிகாப்டரில் போட்டுவிடுகிறேன் என்றான். உனக்கு மாற்று ஆள் வராமல் நீ இறங்க முடியாது என்பதையும் அவனே சொன்னான். வரவில்லையே என்று இங்கே யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை.

நாத்தனார் கடிதம் என்றால் தம்பி பெண்டாட்டியைப் பற்றிக் கோள் இல்லாமல் இருக்குமா என்று நினைத்திருப்பாய். இதுவும் முழுக்க அவளைப் பற்றித்தான். யாரிடமும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டுப் போய்விட்டாள் என்று அம்மா உன்னிடம் போனில் அழுதாள். நீயும் பாண்டிமீனாவைக் கூப்பிட்டு, யாரைக் கேட்டுப் போனாய் என்று கத்தினாய். அவள் ஒரு வார்த்தை பதில் பேசாமல் போனை என்னிடம் நீட்டினாள். அவள் பேசாததை நான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

பிறந்து முதல் ஒரு மாதம் உன் மகள் நன்றாகத்தான் குடித்தாள். அந்தப் பசி ஒன்றே போதும், முத்துப்பாண்டி பிள்ளை என்று சொல்ல வேறு சாட்சி வேண்டாம் என்று சிரித்தோம். அதற்குப் பிறகுதான் இது ஆரம்பித்தது. மார்பில் வாய் வைப்பாள், நாலு மடக்கு இழுப்பாள், சட்டென்று விட்டுவிட்டு ஊசி குத்தினாற்போல் அலறுவாள். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்த்துக் கொட்டும். ஐப்பசி மழையில் நாமெல்லாம் போர்த்திக்கொண்டு திரிகிறோம், கைக்குழந்தைக்குச் சட்டை நனைகிறது. கொஞ்ச நேரம் ஓய்ந்து கிடப்பாள். பிறகு பசித்து மறுபடி வாய் வைப்பாள், மறுபடி அலறுவாள்.

பக்கத்து வீட்டு இருளாயி சின்னம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே. பேரையூர்ப் பக்கம் எந்தப் பிள்ளை அழுதாலும் முதல் ஆளாக வந்து நிற்கும். உரம் விழுந்து கழுத்து சுளுக்கியிருக்கிறது என்று சேலையில் போட்டு உருட்டியது. கேட்கவில்லை. தாய்ப்பால்தான் சேரவில்லை என்று அடுத்து ஒரு முடிவுக்கு வந்தது. பாண்டிமீனாவின் பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சி வாங்கி, அதில் ஓர் எறும்பை விட்டுப் பார்த்தார்கள். எறும்பு செத்துப்போனது. பாலில் விழுந்த எறும்பு செத்துப்போகாமல் நீச்சலடித்துக் கரையேறுமா? ஆனால் அம்மா அதை நம்பிவிட்டாள். அன்றோடு தாய்ப்பாலை நிறுத்திப் புட்டிப்பால் கொடுத்தார்கள். புட்டிப்பாலுக்கும் அதே அலறல்தான். அதிலும் ஓர் எறும்பை விட்டுப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நம் வழக்கம் உனக்குத் தெரியாததா, ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு வேன் ஆள் போகும். டாக்டரிடம் பேசுவதற்கு நல்லகாமன் பெரியப்பா. நாட்டாமை செய்த வாய், சும்மா இருக்குமா. "புள்ளை பால் குடிக்க மாட்டேங்குதுங்க, சளி கட்டிருக்கு" என்று அவரே நோயையும் சொல்லி, காரணத்தையும் சொல்லி முடித்துவிட்டார். பெற்றவள் கதவோரம் நின்றாள். அந்த டாக்டரும் கெட்டவர் இல்லை. படம் எடுத்துப் பார்த்து, இதயம் வீங்கிப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். சதை பலமில்லாமல் பிறந்திருக்கிறது, மருந்து கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் ரொம்ப நாள் தாங்காது என்று சொல்லி அனுப்பினார். அதைத்தான் உனக்கும் சொன்னோம்.

அதற்குப் பிறகு நான் ஒரு நாள் ஊருக்குப் போனேன். வீட்டில் சத்தமே இல்லை. பார்க்க வருகிறவர்கள் பிள்ளையை எட்ட நின்று பார்த்துவிட்டு, அம்மாவிடம் குசுகுசுவென்று பேசிவிட்டுப் போனார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளையைத் துக்கம் விசாரிக்கிறார்களே என்று எனக்குக் கோபமாக வந்தது. கொல்லைப்பக்கம் போனால் பாண்டிமீனா முருங்கை மரத்தடியில் குனிந்து உட்கார்ந்து, பாலைப் பீய்ச்சி வேரில் விட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டால் வற்றிப்போகும், வற்றிவிட்டால் பிள்ளை கேட்கும்போது என்ன செய்வேன் என்றாள். மதுரைக்கு என் வீட்டுக்கு வா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் வந்தே விட்டாள். தடுப்பூசி போடப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பஸ் ஏறி, திருமங்கலத்தில் மாறி, பழங்காநத்தத்தில் இறங்கி, பிள்ளையும் ஒரு ஒயர்கூடையுமாக என் வாசலில் வந்து நின்றாள். வந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மதினி, இவ பாலை வேணாம்னு சொல்லல. குடிக்கணும்னுதான் ஆசையா வாரா. குடிக்கும்போதுதான் அழுகுறா. உள்ள என்னமோ வலிக்குது மதினி. அதை யாரும் கேக்க மாட்டேங்குறாக."

நான் உன் மச்சானைப் பார்த்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு ஆட்டோவை எடுத்தார்.

குழந்தைகளின் இதயத்துக்கென்றே மதுரையில் இருக்கிற டாக்டர் ஒருவரிடம் போனோம், பெயர் ஸ்யாமளா. ஐம்பது வயதிருக்கும், சின்ன உருவம், அதட்டல் குரல். நாங்கள் சீட்டு வாங்கி உட்கார்ந்திருக்கிறோம், அதற்குள் எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ, பெரியப்பா அம்மாவையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வேனில் வந்து இறங்கிவிட்டார். உள்ளே போனதும் "புள்ளை பால் குடிக்க மாட்டேங்குதுங்க" என்று அதே பாட்டை ஆரம்பித்தார். டாக்டர் அவரை முழுதாகப் பேச விட்டார். பிறகு, நீங்கள் பால் கொடுக்கிறீர்களா ஐயா என்று கேட்டார். பெரியப்பா திகைத்துப் போனார். கொடுக்கிறவளைத் தவிர மற்றவர்கள் வெளியே இருக்கலாம் என்றார் டாக்டர். துணைக்கு நான் மட்டும் நின்றுகொண்டேன். பெரியப்பாவை ஒருவர் வெளியே அனுப்பியதை என் பிறப்பில் அன்றுதான் பார்த்தேன்.

பாண்டிமீனா முதலில் தயங்கித் தயங்கித்தான் பேசினாள். எப்போது அழுகிறாள், பசித்தா, குடித்து முடித்தா, நடுவிலா என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இங்கேயே கொடுங்கள் நான் பார்க்கிறேன் என்றார். நாலு மடக்குதான். பிள்ளை வாயை எடுத்துவிட்டு அலறினாள், முகம் வெளுத்தது, வியர்வை முத்து முத்தாக வந்தது. டாக்டர் கையில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

உடனே ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, நெஞ்சுவலி வந்த பெரியவர்களுக்கு இருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். நாலு மாதக் குழந்தைக்கு மாரடைப்பா என்று பாண்டிமீனாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு இருட்டறையில் படுக்க வைத்து எக்கோ எடுத்தார். ஏற்கெனவே எடுத்ததுதானே என்று நினைத்தேன். இந்த டாக்டர், இதயம் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று பார்க்கவில்லை. இதயத்துக்கே ரத்தம் கொண்டுவருகிற குழாய் எங்கிருந்து புறப்படுகிறது என்று தேடினார். ரொம்ப நேரம் தேடினார். திரையில் சிவப்பும் நீலமுமாக ஏதோ நெளிந்தது. ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க பாருங்க, திரும்பி ஓடுது" என்றார்.

அவர் தாளில் படம் போட்டு விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிற இதயத்துக்கும் ரத்தம் வேண்டும். அதற்கு நல்ல ரத்தம் போகிற பெரிய குழாயிலிருந்து இரண்டு சின்னக் குழாய்கள் பிரிய வேண்டும். உன் மகளுக்கு வலது பக்கம் சரியாக இருக்கிறது. இடது பக்கக் குழாய் இடம் மாறி, நுரையீரலுக்குக் கெட்ட ரத்தம் கொண்டுபோகிற குழாயில் முளைத்திருக்கிறது. பிறந்த புதிதில் அந்தக் குழாயில் அழுத்தம் அதிகமாக இருக்குமாம், அதனால் எப்படியோ ஓடியிருக்கிறது. எல்லாக் குழந்தைக்கும் ஒரு மாதத்தில் அந்த அழுத்தம் குறைய வேண்டியதுதான், இவளுக்கும் குறைந்தது. அத்தோடு இதயத்தின் இடது பக்கம் பட்டினி. வலது பக்கத்திலிருந்து வருகிற கொஞ்சநஞ்ச நல்ல ரத்தமும் இந்தக் குழாய் வழியே பின்னால் வடிந்து போகிறது. அப்போது உள்ளே வந்த உன் மச்சான் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, கண்மாயிலிருந்து வர வேண்டிய வாய்க்காலைக் கழிவு ஓடையில் கோத்த மாதிரி என்றார். டாக்டர் ஆமாம் என்றார்.

கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதைப் போலக் கஷ்டமான வேலை வேறில்லையாம். மூட்டையோடு மலையேறும்போது நெஞ்சை அடைக்கிறது என்று நீ சொல்வாயே, இவளுக்கு ஒவ்வொரு வேளைப் பாலும் அதுதான். வலிக்கிறது என்று சொல்ல வாயில்லாமல் அழுதிருக்கிறாள். நாம் உரம் என்றோம், சளி என்றோம்.

செவ்வாய்க்கிழமை

ஞாயிற்றுக்கிழமை எழுதிக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டுவிட்டார்கள். நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சொன்னது சரிதான், சந்தேகமே இல்லை. அந்தக் குழாயை வெட்டி எடுத்து, நல்ல ரத்தம் போகிற குழாயில் சேர்த்துத் தைக்க வேண்டும். நெஞ்சில் கட்டியிருக்கிற நீரும் சளியும் குறைய மருந்து கொடுக்கிறார்கள். அடுத்த வாரக் கடைசியில் ஆபரேஷன்.

இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். பிழைத்துவிடுவாளா என்று நேராகவே கேட்டேன். டாக்டர் சொன்னார்: "சத்தியம் பண்ண மாட்டேன்மா. இதயம் ரொம்பக் களைச்சுப் போயிருக்கு. ஆனா பண்ணாம விட்டா பிழைக்க மாட்டா. பண்ணி எழுந்துட்டான்னா, அந்தச் சதை திரும்பவும் பலமாகும். அது செத்துப்போகல, பட்டினியில படுத்திருக்கு." அப்படி எழுந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறாராம். பள்ளிக்கூடத்தில் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்களாம்.

கையெழுத்துப் போடும்போது பெரியப்பா தடுத்தார். தகப்பன் இல்லாமல் பிள்ளை நெஞ்சில் கத்தி வைக்கவா, ஆபரேஷன் என்றதும் முத்துப்பாண்டியே போனை வைத்துவிட்டானாமே என்றார். பாண்டிமீனா பேனாவைக் கீழே வைக்கவில்லை. "பெத்தவ நான் இருக்கேன் மாமா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். குரல் உயரவில்லை. இந்தப் பெண்ணை உனக்குப் பேசி முடித்தபோது வாயில்லாப் பூச்சி என்று முகம் சுளித்தவள் நான். எனக்கே பெருமையாக இருந்தது.

பெரியப்பா மேல் கோபப்படாதே. ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அவர் ஊருக்குப் போன் போட்டார். இரண்டு வேன் நிறைய இளவட்டங்கள் வந்து இறங்கிவிட்டார்கள். வேனில் ஆள் ஏற்றி வருவது ஒன்றுதான் அவருக்குத் தெரியும், இந்த முறை அதுதான் உதவியது. அம்மா தினமும் பஸ்ஸில் முருங்கைக்கீரை கொடுத்தனுப்புகிறாள், மருமகளுக்குப் பால் சுரக்கட்டுமாம். இருளாயி சின்னம்மா மட்டும் இன்னும் முகத்தைக் காட்டவில்லை.

பாண்டிமீனா டாக்டரிடம் ஒன்று கேட்டாள். பக்கத்தில் இருந்த எனக்கே தாங்கவில்லை. என் பாலில் எறும்பு செத்துப்போச்சே, அதனால்தான் பிள்ளை நெஞ்சு கெட்டதா என்றாள். இத்தனை நாளும் அதை மனசில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், பாவி. டாக்டர் சிரிக்கவில்லை. இது வயிற்றில் உருவாகும்போதே ஆனது, யாருடைய குற்றமும் இல்லை, நீங்கள் தின்றதும் இல்லை, உங்கள் பாலும் இல்லை, சொந்தத்தில் கட்டினீர்களா இல்லையா என்பதும் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு அவள் தோளில் கை வைத்து, "குடிச்சா வலிக்கும்னு தெரிஞ்சும் ஒவ்வொரு தடவையும் உங்ககிட்டதானேம்மா வந்தா" என்றார். பாண்டிமீனா அப்போதுதான் அழுதாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் அப்படி வாய்விட்டு அழுததை நான் பார்த்ததில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது பிள்ளைக்குச் சிரமம் வேண்டாம் என்று மூக்கில் சின்னக் குழாய் போட்டு, அதன் வழியாகப் பால் விடுகிறார்கள். பாண்டிமீனாவின் பால்தான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக வயிறு நிறைந்து, அழாமல் தூங்கினாள். தூக்கத்தில் சிரித்தாள் தம்பி. கன்னத்தில் உன் குழி அப்படியே விழுகிறது.

இனிமேல் எழுதப்போவதற்குத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

இங்கே ஒவ்வொரு கட்டிலிலும் பிள்ளையின் பெயர் எழுதி மாட்டியிருக்கிறது. நர்சுகள் பெயர் சொல்லித்தான் கொஞ்சுகிறார்கள். நம் பிள்ளையின் கையில் கட்டியிருக்கிற பட்டையில் பாண்டிமீனா குழந்தை என்றுதான் இருக்கிறது. பெயர் என்ன என்று நர்ஸ் கேட்டாள். அவள் அப்பா வந்து வைப்பார் என்று பாண்டிமீனா சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மாசிப் பச்சைத் திருவிழாவுக்கு நீ லீவில் வரும்போது கோயிலில் வைத்துப் பெயரிடலாம் என்றுதான் முதலில் பேசினோம். இதயம் தாங்காது என்று முதல் டாக்டர் சொன்ன அன்றைக்கு, நீ போனில் என்னிடம் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "பேரெல்லாம் இப்ப வேணாம்க்கா" என்றாய். அதைப் பாண்டிமீனாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நீ பேசும்போதெல்லாம் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்பதையே விட்டுவிட்டாய். போட்டோ அனுப்பச் சொல்வதையும் விட்டுவிட்டாய்.

நீ கல் மனசுக்காரன் இல்லை. சின்ன வயதில் ஆட்டுக்குட்டியைச் சந்தைக்கு ஓட்டினால் இரண்டு நாள் சாப்பிட மாட்டாய். கண்ணால் பார்க்காத பிள்ளை, பெயரும் இல்லாமல் போய்விட்டால் வலி குறைவாக இருக்கும் என்று நினைத்தாய். தனியாக அந்தப் பனியில் உட்கார்ந்துகொண்டு வேறு என்னதான் நினைப்பாய். ஆனால் அப்படி நடக்காதுடா. பெயர் வைக்காவிட்டாலும் அவள் உன் மகள்தான், வலி ஒரு குன்றிமணிகூடக் குறையாது. அவள் பிழைத்து வந்தால், அப்பா எனக்கு ஏன் அப்போது பெயர் வைக்கவில்லை என்று கேட்பாள். அதற்கு நாங்கள் யாரும் பதில் சொல்ல முடியாது.

அத்தைக்காரிதான் காதில் பெயர் சொல்ல வேண்டும், அது என் உரிமை, யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆபரேஷன் அறை வாசல் வரை நாங்கள் தூக்கிக்கொண்டு போகலாமாம். அங்கே ஒரு நிமிடம் நிற்க விடுவீர்களா, காதில் பெயர் சொல்ல வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். தாராளமாகச் சொல்லுங்கள், உள்ளே நானும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன் என்றார். பெயர் என்ன என்று கேட்டார். தம்பி இன்னும் சொல்லவில்லை என்றேன்.

நானே ஒன்று வைத்துவிடலாம், அம்மா குலசாமி பெயரைச் சொல்கிறாள், உன் மச்சான் ஏதோ சினிமாப் பெயர் வைத்திருக்கிறார். பாண்டிமீனா ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள். உன் வாயிலிருந்து வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அடுத்து உன் முறை வந்து போன் பேசும்போது அம்மாவைக் கேட்காதே, என்னைக் கேட்காதே. பாண்டிமீனாவிடம் பேசு. கத்தினதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. கேக்குதா கேக்குதா என்று நேரத்தை வீணாக்காதே. பெயரை மட்டும் தெளிவாக, அவளுக்குக் கேட்கிற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்.

குளிரில் பத்திரமாக இரு. காலுறையை ஈரத்தோடு போடாதே. நம் குலசாமி உன்னையும் காக்கட்டும், அவளையும் காக்கட்டும். அந்த வாசலில் நிற்கும்போது என் கையில் பிள்ளை இருப்பாள். காதில் சொல்ல எனக்கு ஒரு பெயர் கொடு தம்பி.

உன் அக்கா,
தாமரைச்செல்வி